ஸ்ட்ரோப்ஸ்: முதலில் நீண்டது பாட்டு, பிறகுதான் வந்தது மின்சாரம்

கிழக்கிலங்கையில், கல்லடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கிற்றார் வாசிக்கிற பொடியன்களோடு கொஞ்ச நேரம் கதைத்தால் ஒரு கேள்வி எப்படியும் வந்துவிடும். "அண்ணன், நம்மட கூத்துப் பாட்டை எடுத்துப் புரோகிரசிவ் றொக் ஆக்கலாமா?" ஆக்கலாம். ஆனால் கேட்கிறவரின் மனதில் இருப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: கூத்துப் பாட்டான தருவில் நான்கு வரி, அதன் பின்னால் டிஸ்டோர்ஷன் கிற்றார், நடுவில் கொஞ்சம் கீபோர்ட், எல்லாவற்றுக்கும் மேலே ட்ரம்ஸ், ஓரத்தில் எங்கோ மத்தளம். அப்படிச் செய்த பதிவுகள் சிலதைக் கேட்டிருக்கிறேன். சத்தம் கூடியிருக்கும், பாட்டு இருந்த இடத்தை விட்டு ஒரு அடிகூட நகர்ந்திருக்காது.

அதனால் ஒரு குழுவை எடுத்து, அது நாட்டாரிசையில் தொடங்கிப் புரோகிரசிவ் றொக்கில் போய்ச் சேர்ந்த வழியைப் படிப்படியாகப் பார்ப்போம் என்று நினைத்தேன். இங்கிலாந்தின் ஸ்ட்ரோப்ஸ். 1964 இல் பாஞ்சோவும் கிற்றாரும் வைத்துக்கொண்டு அமெரிக்க மலைநாட்டுப் பாட்டு வாசித்தவர்கள், 1974 இல் மெலோட்ரோன் என்ற கீபோர்டும் மின்கிற்றாரும் முழங்க எட்டு நிமிடத் தொகுப்புகள் போட்டார்கள். பத்து வருடம். இடையில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள், ஆனால் தலைவர் ஒருவரேதான், டேவ் கஸின்ஸ். ஒவ்வொரு அல்பத்திலும் ஒரு படி தெரியும் என்பதால் ஆய்வுக்கு இதைவிட வசதியான குழு எனக்குத் தெரியாது. கிரிஃபன் என்றொரு குழுவையும் எடுத்திருக்கலாம். அவர்களும் பழைய நாட்டார் இசையில் தொடங்கி 1974 இல் யெஸ் குழுவோடு அமெரிக்காவைச் சுற்றியவர்கள். ஆனால் அதைத் தொடங்கியவர்கள் லண்டன் றோயல் இசைக் கல்லூரியில் படித்தவர்கள், அவர்களுடைய மாற்றம் இரண்டு மூன்று வருடத்திலேயே நடந்து முடிந்தது. கேட்டும் பார்த்தும் பழகி மேலே வந்த ஸ்ட்ரோப்ஸ்தான் நம் பொடியன்களுக்குக் கிட்டவாக நிற்கிறது.

புரோகிரசிவ் றொக் என்றால் என்ன என்று புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பியது. றொக் வாத்தியங்களை வைத்துக்கொண்டு, மூன்று நிமிடப் பாட்டின் அமைப்பை உடைத்து, பத்து நிமிடம் இருபது நிமிடம் பல பகுதிகளாக ஓடுகிற இசை. இடையில் தாளம் மாறும், வேகம் மாறும், எல்லாம் அடங்கி ஒற்றை வாத்தியம் மட்டும் நிற்கும், மறுபடி எல்லோரும் சேர்ந்து எழும்புவார்கள். கிங் கிரிம்சனின் முதல் அல்பம் 1969 இல் வந்தது, யெஸ், ஜெனசிஸ் எல்லாம் அதே காலத்து ஆட்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்த விளக்கத்தில் புதிதாக எதுவும் இருக்காது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

பாஞ்சோவின் ஐந்தாம் கம்பி

லண்டனின் தென்மேற்கே ட்விக்கன்ஹாம் பக்கத்தில் ஸ்ட்ரோபெரி ஹில் என்று ஒரு இடம். கஸின்ஸும் அவருடைய நண்பர் டோனி ஹூப்பரும் அங்கே பழகியதால் குழுவுக்கு ஸ்ட்ரோபெரி ஹில் போய்ஸ் என்று பெயர் வைத்தார்கள், பிறகு அது ஸ்ட்ரோப்ஸ் என்று சுருங்கியது. தொடக்கத்தில் வாசித்தது புளூகிராஸ், அதாவது அமெரிக்காவின் மலைப்பகுதியில் பாஞ்சோ, மண்டலின், கிற்றார் வைத்து வேகமாக வாசிக்கிற இசை. கொஞ்ச நாளில் றொன் செஸ்டர்மன் பெரிய நிமிர்ந்த பேஸோடு வந்து சேர்ந்தார். ட்ரம்ஸ் கிடையாது. பாடுகிற இடம் போக் கிளப் என்ற நாட்டாரிசைக் கூடம், பெரும்பாலும் ஒரு பப்பின் மேல்மாடி அறையோ பின்னறையோதான். கேட்கிறவர்கள் முழங்கால் முட்டுகிற தூரத்தில் இருப்பார்கள், சொல் ஒவ்வொன்றும் விளங்கவேண்டும், கதைப்பாட்டு என்றால் பத்துப் பதினைந்து கண்ணி போனாலும் பொறுமையாகக் கேட்பார்கள். இந்தப் பொறுமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குழுவின் பின்னாளைய வளர்ச்சிக்கு மூலதனம் அதுதான்.

இங்கே பாஞ்சோவைக் கொஞ்சம் கிட்டவாகப் பார்க்கவேண்டும். புளூகிராஸ் பாஞ்சோவில் ஐந்து கம்பி. நான்கு கம்பி முழு நீளம், ஐந்தாவது கழுத்தின் நடுவில் இருந்து தொடங்கும் குட்டைக் கம்பி. அதில் விரலை வைத்து அழுத்துவது மிகவும் குறைவு. மற்றக் கம்பிகளில் மெட்டு ஓடும்போது கட்டைவிரல் அந்தக் குட்டைக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கும், ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்கும், நம் சுருதிப்பெட்டி செய்கிற வேலை. மற்றக் கம்பிகளும் கை வைக்காமல் மீட்டினாலே ஒரு கோர்ட், அதாவது சில சுரம் சேர்ந்த ஒலி, ஒலிக்கும்படி சுருதி கூட்டியிருக்கும். இப்படிப் பழகிய கை கிற்றாருக்குப் போனால் வழமையான சுருதியில் அடங்காது. கஸின்ஸ் கிற்றாரையும் விதவிதமாகச் சுருதி மாற்றிக் கூட்டித்தான் பாட்டுக் கட்டினார்.

அந்தக் காலத்து ஆங்கில நாட்டாரிசைக் கிற்றார்காரர்களிடம் இது பரவலான பழக்கம். டேவி கிரஹாம் என்பவர் 1960களின் தொடக்கத்தில் மொறொக்கோ போய்வந்தபின் கொண்டுவந்த டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்ற சுருதியை இன்றைக்கும் எல்லோரும் வாசிக்கிறார்கள். நம் கணக்கில் சொன்னால் அது ச-ப-ச-ம-ப-ச. மூன்று ஷட்ஜம், இரண்டு பஞ்சமம், ஒரு மத்தியமம். காந்தாரமே இல்லை. அதனால் மேலே பாடுகிறவர் எந்தக் காந்தாரத்தையும் தொடலாம், கிற்றார் குறுக்கே நிற்காது. வழமையான கோர்ட் பிடித்து வாசித்தால் அந்த விடுதலை கிடையாது, மேஜரா மைனரா என்று கிற்றார் முதலே முடிவு கட்டிவிடும். நாட்டார் மெட்டுக்குக் கிற்றார் வாசிக்கிற எல்லோரும் இதை ஒரு தடவையாவது செய்துபார்க்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த திருப்பம் 1967. சான்டி டெனி என்ற பாடகி குழுவில் சேர்ந்தார், கோபன்ஹேகனில் ஒரு அல்பம் பதிவு செய்தார்கள். அது 1973 வரை வெளிவரவில்லை, அதற்குள் டெனி 1968 இல் ஃபெயார்போர்ட் கன்வென்ஷன் குழுவுக்குப் போய்ப் பெரிய பெயர் எடுத்துவிட்டார். இந்தப் பதிவில் இன்னும் ட்ரம்ஸும் பேஸும் போட்ட சாதாரண நாட்டார்-பொப் சாயல்தான். ஆனால் பாட்டில் பெரும்பகுதி கஸின்ஸ் எழுதியது, டெனியும் தன் சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடுகிறார். அமெரிக்காவில் இருந்து இரவல் வாங்கிய பாட்டுகளை விட்டு, தங்கள் கையால் கட்டிய பாட்டுக்கு வந்துவிட்டார்கள். இந்தக் குழுவைப் பற்றிக் கதைக்கிறவர்கள் மின்கிற்றார் எப்போது வந்தது, கீபோர்ட் எப்போது வந்தது என்றே தேடுவார்கள். எனக்கு இதுதான் முதல் மாற்றம். பாட்டு உங்களுடையதாக இருந்தால்தான் அதை நீட்டவும் மடக்கவும் உரிமை வரும்.

பத்து நிமிடப் பாட்டு

1968 இல் அமெரிக்காவின் ஏ அன்ட் எம் நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்தது, அந்த நிறுவனம் எடுத்த முதல் பிரித்தானியக் குழு இவர்கள்தான். 1969 இல் முதல் அல்பம் வந்தது. கஸ் டஜன் தயாரிப்பாளர், டோனி விஸ்கொன்டி இசையமைப்பு உதவி, பின்னாளில் லெட் செப்பலினில் புகழ்பெற்ற ஜோன் போல் ஜோன்ஸ் பேஸ் வாசித்தார். இதில் போர் ஒன்றைப் பற்றி ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாட்டு இருக்கிறது, கோட்டை, குதிரைவீரர், மதகுருமார் என்று படை நகரும், கவனித்துக் கேட்டால் அது சதுரங்கப் பலகை என்று விளங்கும். வாத்தியக்காரர் கூட்டம் பெரிது, ஆனால் அது வெளியில் இருந்து கூலிக்கு வந்த கூட்டம்.

அடுத்த அல்பமான "ட்ராகன்பிளை", 1970, ஒரு அடி பின்னால் போனது போலத் தெரியும். இசைக்குழு எல்லாம் போய், கிளேர் டெனிஸ் என்ற பெண் செலோ வாசிக்க, மெல்லிய குரலும் கிற்றாருமாக ஓடும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வளர்ச்சி என்றதும் நாம் ஏணிப்படிபோல ஒவ்வொரு வருடமும் சத்தம் ஏறிக்கொண்டே போகும் என்று நினைக்கிறோம். இவர்கள் பெரிதாகத் தொடங்கி, அது தங்களுக்குச் சரிவராமல், சின்னதாக்கி, அந்தச் சின்னதற்குள் இருந்துதான் பெரிய வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள்.

ஏனென்றால் அந்த அமைதியான அல்பத்தில்தான் ஏரியில் தோன்றும் பெண்ணைப் பற்றிய ஒரு கதைப்பாட்டு இருக்கிறது, பத்து நிமிடத்துக்கு மேல். பல்லவி என்று பிடித்துப் பாட ஒன்றும் கிடையாது, கதை போய்க்கொண்டே இருக்கும். போக் கிளப்பில் கண்ணி கண்ணியாகப் பாடிய பழக்கம் அப்படியே தொடர்ந்து வந்திருக்கிறது. ஆனால் பதிவில் முகமும் கண்ணும் இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு கிற்றாரும் ஒரு குரலும் காதைப் பிடித்து வைக்காது. கதையில் ஆபத்து வரும்போது இசை இறுகவேண்டும், தணியும்போது தளரவேண்டும். அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பியானோ வாசிக்கக் கூலிக்கு ஒரு இளைஞரைக் கூப்பிட்டார்கள். பெயர் ரிக் வேக்மன். றோயல் இசைக் கல்லூரியை இடையில் விட்டுவிட்டு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக வாசித்துத் திரிந்தவர், 1969 இல் டேவிட் போவியின் புகழ்பெற்ற விண்வெளிப் பாட்டில் மெலோட்ரோன் வாசித்ததும் அவர்தான்.

இந்த நிகழ்வில் நான் கண்ட மையம் இதுதான். வேக்மன் வந்ததால் பாட்டு நீளவில்லை. பாட்டு நீண்டதால் வேக்மன் தேவைப்பட்டார். கதை தன் அளவுக்கு இடம் கேட்டது, இடம் பெரிதானதும் அதை நிரப்ப வாத்தியம் வந்தது. இந்த ஒழுங்கை மாற்றி வாத்தியத்தை முதலில் வாங்கி வைத்துவிட்டுப் பாட்டைத் தேடினால் என்ன நடக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அதே 1970 இல் வேக்மன் முழுநேர ஆளாகச் சேர்ந்தார். செஸ்டர்மன் விலகினார். ட்ரம்ஸுக்கு றிச்சர்ட் ஹட்சனும் பேஸ் கிற்றாருக்கு ஜோன் போர்ட்டும் வந்தார்கள், ஹட்சன் சித்தாரும் வாசிப்பார். யூலை 11 அன்று லண்டன் குயின் எலிசபெத் மண்டபத்தில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்து அல்பமாகப் போட்டார்கள். "அன்டீக்ஸ் அன்ட் கியூரியோஸ்" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கச்சேரி முடிந்ததும் மெலடி மேக்கர் பத்திரிகை வேக்மனை நாளைய நட்சத்திரம் என்று எழுதியது, பெரும்பாலும் அவருடைய நீண்ட ஓர்கன் வாசிப்புக்காக. எனக்கு அந்தக் கச்சேரியில் பெரிது பழம்பொருள் பற்றிய தொகுப்புத்தான். பன்னிரண்டு நிமிடம் வரை போகும், நான்கு பாட்டுகளைச் சேர்த்துத் தைத்தது, முதுமையும் சாவும் ஒரு மனிதன் விட்டுப்போகும் சாமான்களும் அதன் பொருள். ஒவ்வொரு பகுதியும் தனியே பார்த்தால் நாட்டார் பாட்டுத்தான், எளிய மெட்டு, எளிய சொல். ஒன்றில் இருந்து அடுத்ததற்குத் தாவுகிற இடங்களில் ஓர்கனும் ட்ரம்ஸும் வேலை செய்கின்றன. அவர்கள் புரோகிரசிவ் ஆனது அந்தத் தையல் இடங்களில்தான்.

எட்டு வினாடி நாடா

1971 இன் "ஃப்ரொம் த விச்வூட்" அல்பத்தில் ஒரு தூக்குக்காரனின் கதை வருகிறது. மதத்துக்காகத் தண்டனை பெற்ற ஒருவனைத் தூக்கிலிடக் கூட்டி வருகிறார்கள், முகத்தைப் பார்த்தால் தன் சொந்தத் தம்பி. நான்கு நிமிடம்தான், ஓர்கன் கோயில் ஓர்கன் மாதிரி முழங்கும். இதைத் தொலைக்காட்சியில் பாடியபோது வேக்மன் பெயின்ட் அடிக்கிற றோலரை எடுத்து ஓர்கன் கட்டைகள் மேல் உருட்டினார், கஸின்ஸுக்கு அது பிடிக்கவில்லை. பாடுகிறவர் ஒரு மனிதன் தன் தம்பியைக் கொல்கிற இடத்தில் நிற்கிறார், பக்கத்தில் ஒருவர் விளையாட்டுக் காட்டுகிறார். நான் முழுக்கக் கஸின்ஸின் பக்கம்தான். அந்த வருடமே வேக்மன் யெஸ் குழுவுக்குப் போய்விட்டார்.

அவருடைய இடத்துக்கு அமென் கோர்னர் குழுவில் இருந்த புளூ வீவர் வந்தார். வேக்மனின் விரல்வேகம் அவருக்குக் கிடையாது, ஆனால் குழுவுக்கு அதனால் நன்மைதான் நடந்தது என்பேன். வேகத்துக்குப் பதில் அகலம் வந்தது. அந்த அகலத்தைக் கொடுத்தது மெலோட்ரோன்.

மெலோட்ரோன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் 1972க்குப் பிந்திய ஸ்ட்ரோப்ஸ் விளங்கும். பேர்மிங்ஹாம் நகரில் செய்யப்பட்ட கீபோர்ட். இதில் ஒலியை உண்டாக்கும் மின்சுற்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு காந்த நாடாத் துண்டு, அதில் வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ பாடகர் குழுவோ அந்தச் சுரத்தை இசைத்த பதிவு. எம்400 என்ற மாதிரியில் 35 கட்டை, 35 நாடா வரிசை. கட்டையை அழுத்தினால் நாடா சுழலும் தண்டின் மேலும் வாசிக்கும் தலையின் மேலும் அமத்தப்படும், ஒலி வரும். நாடா எட்டு வினாடி அளவுதான். முடிந்தால் ஒலி நின்றுவிடும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவைத் தொடக்கத்துக்கு இழுக்கும். ஆகவே எட்டு வினாடிக்கு மேல் ஒரு கோர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. வாசிப்பவர் ஒவ்வொரு விரலாக எடுத்து எடுத்து மறுபடி வைத்துக்கொண்டே போகவேண்டும், கோர்ட் மாற்றமும் அந்த அளவுக்கு அடங்கவேண்டும். அதனால் அந்த இசைக்கு ஒரு மூச்சு இருக்கிறது. மெதுவாக எழும்பும், தங்கும், இறங்கும். சூடு, ஈரம், மின்னழுத்தம் எல்லாம் நாடாவின் ஓட்டத்தைக் குழப்பும் என்பதால் சுருதியும் இலேசாக ஆடும். இன்றைக்குக் கைத்தொலைபேசி அப்பில்கூட அந்த ஒலி கிடைக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் எட்டு வினாடிக் கட்டுப்பாடு இருக்காது.

இந்த மூச்சும் கஸின்ஸின் கதைப்பாட்டும் நன்றாகப் பொருந்தின. கைவைக்காத கம்பிகளின் நீண்ட ரீங்காரத்தின் மேல் கட்டிய பாட்டுக்கு, அடியில் மெதுவாக நகரும் வயலின் கூட்டம் எந்த இடைஞ்சலும் தராது. பாஞ்சோவின் குட்டைக் கம்பி செய்த வேலையைப் பெரிய அளவில் மெலோட்ரோன் செய்தது என்றே நான் கேட்கிறேன். 1972 இன் "கிரேவ் நியூ வேர்ல்ட்" பிரித்தானிய அல்ப விற்பனை வரிசையில் 11ஆம் இடம் வரை போனது. அதன் முதல் பாட்டில் ஒலிக்கிற டல்சிமர் நாட்டார் வாத்தியம், அதை மின்னில் இணைத்து வாசித்திருக்கிறார்கள். வாத்தியத்தைக் கைவிடவில்லை, கூடவே கொண்டுபோனார்கள்.

ஆட்களைக் கைவிடவேண்டி வந்தது. அந்த வருடமே டோனி ஹூப்பர் விலகினார். கஸின்ஸோடு முதல் நாளில் இருந்து நின்றவர், குரலும் மனமும் நாட்டாரிசைப் பக்கம். சத்தம் ஏற ஏற அவருக்கு அங்கே இடம் சுருங்கிக்கொண்டு போனதை அல்பங்களை வரிசையாகக் கேட்டாலே உணரலாம். அவருடைய இடத்துக்கு டேவ் லம்பர்ட் மின்கிற்றாரோடு வந்தார். சரியான முடிவா என்றால், அந்தப் பாதைக்கு வேறு வழி இருந்திருக்காது, ஆனால் ஹூப்பரும் கஸின்ஸும் சேர்ந்து பாடிய அந்த இரட்டைக் குரல் போனது ஒரு பெரிய இழப்பு, 1970களின் பிந்திய எந்த அல்பத்திலும் அது திரும்பவில்லை.

1973ஐ விரைவாகச் சொல்லிவிடலாம். "பர்ஸ்டிங் அட் த சீம்ஸ்" அல்பம் 2ஆம் இடம், ஹட்சனும் போர்ட்டும் எழுதிய தொழிற்சங்கப் பாட்டு தனிப்பாட்டாக 2ஆம் இடம். கூட்டம் சேர்ந்து பாட நல்ல பாட்டு. ஆனால் குழு போய்க்கொண்டிருந்த வழியோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, அந்தப் பாட்டைக் கேட்டு வந்தவர்களுக்குப் பத்து நிமிடக் கதைப்பாட்டு எதற்கு? அதே வருடம் ஹட்சனும் போர்ட்டும் பிரிந்து தனிக்குழு தொடங்கினார்கள், வீவரும் போய்விட்டார்.

மிஞ்சியவர்கள் கஸின்ஸும் லம்பர்ட்டும். ஜோன் ஹோக்கன் கீபோர்டுக்கும், சாஸ் கிறொங்க் பேஸுக்கும், றொட் கூம்ஸ் ட்ரம்ஸுக்கும் வந்தார்கள், 1974 இல் "ஹீரோ அன்ட் ஹீரோயின்" வந்தது. முழுமையான புரோகிரசிவ் றொக் அல்பம் என்று தயங்காமல் சொல்லலாம். தொடக்கத்திலேயே இலையுதிர் காலத்தைப் பற்றி மூன்று பகுதித் தொகுப்பு ஒன்று, எட்டு நிமிடத்துக்கு மேல். முதல் பகுதி வாத்தியம் மட்டும், மெலோட்ரோன் எழும்பி எழும்பி வரும், நடுப்பகுதி கிற்றாரோடு அமைதியான பாட்டு, கடைசிப் பகுதி கூட்டாகப் பாடுகிற பாட்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்குத்தான் பெரிய வரவேற்பு. தலைப்புப் பாட்டைக் கேட்டுப்பாருங்கள், மேலே மெலோட்ரோனும் ட்ரம்ஸும் புயலாக அடித்தாலும் சொல் நடப்பது பழைய கதைப்பாட்டின் நடையில்தான்.

நம்ம களரியில்

இனி நம் பக்கம். கூத்து விடிய விடிய நடக்கிறது. காப்பு விருத்தம் முடிந்து கட்டியகாரன் வரவில் தொடங்கி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரவு, அதற்கென்று தாளக்கட்டு, ஆட்டம், பிறகு தரு, விருத்தம், வசனம். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் ஆட்டக்காரரின் காலைப் பார்த்து வேகம் ஏற்றும், இறக்கும். சல்லரி என்ற கைத்தாளம் அதைப் பிடித்துப் போகும், பிற்பாட்டுக்காரர் வரியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். பல பகுதி, மாறும் தாளம், மாறும் வேகம், நீண்ட கதை, எல்லாம் ஏற்கனவே இருக்கிறது. ஸ்ட்ரோப்ஸ் ஆறு வருடம் தேடிக் கண்டுபிடித்த நீண்ட வடிவம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அண்ணாவியாரின் தலைக்குள் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? அதில் இருந்து நான்கு வரியைப் பிய்த்து எடுத்து மூன்று நிமிடப் பாட்டாக்குகிறோம். புரோகிரசிவ் றொக்குக்கு நேர் எதிர்த் திசை அது.

வடிவத்தை மாற்றுவது நமக்குப் புதிதும் இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர், இராவணேசன் என்று கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். இரவு முழுக்க ஆடுவது குறுகிய நேரத்துக்கு வந்தது, வட்டக்களரியில் நாலாபக்கமும் பார்த்து ஆடியவர்கள் ஒரு பக்கம் பார்த்து ஆடினார்கள். அதில் மாணவராக நின்ற மட்டக்களப்பின் சி. மௌனகுரு இராவணேசனைப் பிறகும் பல தடவை மேடையேற்றினார். இதற்கு வேறு பாதையில், கூத்தை அதை ஆடுகிற ஊருக்குள்ளேயே, ஆடுகிறவர்களோடு கூடிப் பேசி மாற்றவேண்டும் என்று சி. ஜெயசங்கர் சீலாமுனையில் செய்த மீளுருவாக்கம் இருக்கிறது. இசைக்காரனாக எனக்கு இந்த இரண்டாவது பாதையில்தான் நம்பிக்கை அதிகம். ஸ்ட்ரோப்ஸில் பாட்டைக் கட்டியவரே பாட்டை நீட்டினார், அவருடைய கையும் காதும் பழகிய இசையில் இருந்தே வடிவம் விரிந்தது. நம்மிடமும் அண்ணாவியாரை ஓரத்தில் இருத்திவிட்டுக் கிற்றார்காரர் முடிவெடுத்தால் அது விரியாது.

ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்கிறேன். கணினியில் பதிவு செய்கிறவர்கள் முதலில் கிளிக் போடுவார்கள், நிமிடத்துக்கு இத்தனை அடி என்று. மத்தளக்காரருக்கு அதைக் காதில் மாட்டிவிடுவார்கள். ஒரே தருவுக்குள் வேகம் ஏறி இறங்குவதுதான் கூத்தின் உயிர், கிளிக் அதை முழுதாகத் தட்டையாக்கிவிடும். படுவான்கரையில் ஒரு அண்ணாவியாரிடம் இதைக் கேட்டேன். "ஐயா, ட்ரம்ஸோட மத்தளத்தைச் சேர்க்கிறது எப்படி?" என்று. "மனே, மத்தளத்த அதுக்குப் பின்னால ஓட வுடாத, மூச்சு வாங்கிரும். முதல்ல நம்ம அடிக்கிறம், ஆட்டக்காரன் ஆடட்டும். மறுகா அந்தப் பொடியன் கேட்டுட்டு அடிக்கட்டும்" என்றார். பதிவு ஒழுங்கே மாறுகிறது. முதலில் ஆட்டம், மத்தளம், சல்லரி, குரல் எல்லாம் ஒன்றாக, ஒரே மூச்சில். பிறகு ட்ரம்ஸ், பேஸ், கிற்றார், அவர்கள் அந்த வேகத்தைப் படித்துப் பின்தொடரட்டும். கஷ்டம்தான், நல்ல ட்ரம்ஸ்காரன் வேண்டும். ஆனால் அப்படி வரும்போது தாளம் மாறுகிற இடங்களை யாரும் கணக்குப் போட்டுக் கட்டத் தேவையில்லை, அவை ஏற்கனவே அங்கே இருக்கும்.

சுருதியும் அப்படித்தான். பாடுகிறவருக்கு எது வாகோ அதை ஷட்ஜமாக வைத்துக் கிற்றாரைக் கூட்டுங்கள், கீபோர்டை ட்ரான்ஸ்போஸ் பண்ணுங்கள். இது கூத்துக்கு மட்டுமில்லை. அம்பாறைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவிகள் இருக்கின்றன, வாத்தியமே இல்லாமல் நீட்டி இழுத்துப் பாடுவது. அவற்றுக்குக் கோர்ட் போட்டு வேகமாக்கினால் செத்துப்போகும். அடியில் ச-ப-ச மட்டும் மெதுவாக ஒலிக்கவிட்டு, மெலோட்ரோன் ஒலி எட்டு வினாடிக்கு ஒருமுறை மூச்சு விட்டு மாறினால், கவியின் இழுப்புக்கு இடம் இருக்கும். கம்பு தட்டி ஆடும் பொல்லடியின் வேக ஏற்றம், கண்ணகி கோயில்களின் வசந்தன் ஆட்டம், மட்டக்களப்புப் பறங்கியர் வயலினும் கிற்றாரும் வைத்து வாசிக்கும் கஃபிறிஞ்ஞா ஆட்ட இசை, இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடை. எல்லாவற்றையும் ஒரே ட்ரம்ஸ் அடியில் போட்டு நசுக்கவேண்டாம்.

ஆட்கள் விஷயத்திலும் ஸ்ட்ரோப்ஸின் கதை ஒன்று சொல்கிறது. விரல்வேகம் உள்ள ஒருவர் குழுவுக்கு வந்ததும் எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள், பாட்டு அவருக்காக நின்று காத்திருக்கத் தொடங்கும். வேக்மன் பெரிய கலைஞர், யெஸ் குழுவில் அவர் செய்ததை நான் மிகவும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் ஸ்ட்ரோப்ஸ் தன் வடிவத்தை அடைந்தது அவர் போனபிறகு, ஹோக்கன் போலப் பாட்டுக்கு அடங்கி வாசிப்பவர்கள் வந்தபோது. நம் ஊர்க் குழுக்களில் லீட் கிற்றார் யார் என்ற சண்டையில் உடைந்தவை எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸ்ட்ரோப்ஸின் கதைக்கு ஒரு பின்கதையும் இருக்கிறது, அதுதான் என் கணிப்புக்குப் பெரிய சாட்சி. 2000ஆம் ஆண்டளவில் கஸின்ஸ், லம்பர்ட், பிரையன் வில்லொபி மூவரும் அகுஸ்டிக் ஸ்ட்ரோப்ஸ் என்று கிற்றார்களை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வாசிக்கத் தொடங்கினார்கள். ட்ரம்ஸ் இல்லை, மெலோட்ரோன் இல்லை. பாடியது பெரும்பாலும் 1970களின் அதே புரோகிரசிவ் பாட்டுகள். 2001 இல் "பரோக் அன்ட் றோல்" என்ற அல்பமும் வந்தது. அந்தப் பாட்டுகள் கொஞ்சமும் குலையவில்லை. பகுதி மாறுகிற இடங்கள் மாறுகின்றன, எழும்புகிற இடங்கள் எழும்புகின்றன, மெலோட்ரோன் பிடித்த நீண்ட சுரத்தைத் திறந்த கம்பிகள் பிடிக்கின்றன. மின்சாரத்தை எடுத்துவிட்ட பிறகும் வடிவம் அங்கேயே இருக்கிறது, அது தொடக்கத்தில் இருந்தே பாட்டுக்குள் இருந்தபடியால்.

கேட்டுப்பார்க்க விரும்புகிறவர்கள் இந்த ஒழுங்கில் போங்கள்: முதலில் டெனியோடு செய்த கோபன்ஹேகன் பதிவு, பிறகு "ட்ராகன்பிளை"யின் பத்து நிமிடப் பாட்டு, பிறகு 1970 கச்சேரியின் தொகுப்பு, "கிரேவ் நியூ வேர்ல்ட்" முழுதாக, "ஹீரோ அன்ட் ஹீரோயின்" முழுதாக, கடைசியில் "பரோக் அன்ட் றோல்". கிற்றார் கையில் இருந்தால் ச-ப-ச-ம-ப-சவில் கூட்டி வைத்துக்கொண்டு கேளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் ஊர் அண்ணாவியாரிடம் போய் ஒரு பாத்திரத்தின் வரவை, தொடக்கம் முதல் கடைசி வரை வெட்டாமல், பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கிற்றாரை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.